ஒரு நாள் நிறுத்துங்க

"கவர் இல்லாம அந்த பிரஸ்ஸை ஓட்டக் கூடாது சார். ஒரே ஒரு நாள் நிறுத்துங்க!"

நின்றுகொண்டிருந்தவர் கும்பிடாத குறையாகச் சொன்னார். மேனேஜர் அறையில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது.

"நிறுத்திட்டு?" என்றார் நாற்காலியில் இருந்தவர்.

"உடைஞ்ச கவரை வெல்டு பண்ணி மாட்டிடலாம். நாளைக்கு ஓட்டிக்கலாம்."

"டப்பா மூடியெல்லாம் காலையில லாரி ஏறணும். நாளைக்கு ஓட்டி, அதை யார் தலையில கட்டறது?"

அந்த பிரஸ்ஸில் தகரத்தைக் கையால்தான் தள்ள வேண்டும். காலால் மிதியை அழுத்தினால் மேலிருந்து அச்சு இறங்கி மூடியை வெட்டும். அச்சுக்குத் தகரமும் ஒன்றுதான், விரலும் ஒன்றுதான். நடுவில் கவர் வைப்பதே அதற்காகத்தான்.

"சார், அதுல உட்கார்ந்திருக்கிறது என் கூடப்பிறந்த தம்பி."

"அதான் பார்த்தேன். வேற எவனாவது உட்கார்ந்திருந்தா இவ்வளவு பதறுவியா?"

நறுக்கென்று இருந்தது.

"யாரா இருந்தாலும் கைதானே சார்?"

"நேத்து முழுக்க கவர் இல்லாமத்தான் ஓடுச்சு. யாருக்காவது நகம் பேந்துச்சா?"

"நேத்து ஒண்ணும் ஆகலைன்னா இன்னிக்கும் ஆகாதா?"

"ஏம்பா, வேகமா முடிக்கணும்னா நீங்களே கவரைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு ஓட்டுவீங்க. அப்போ எங்கே போச்சு இந்தப் பயம்?"

"தப்புதான் சார். நாங்க பண்ற தப்பை நீங்களும் பண்ணணுமா?"

"ரோட்டுல இறங்கினாலும்தான் ஆபத்து. அதுக்காக வீட்டுலயே படுத்துக்கிறோமா? கவனமா இருக்கச் சொல்லு."

"கவனம் எவ்வளவு நேரம் சார் நிக்கும்? ஒரு தும்மல் வந்தா போச்சு."

"அப்போ தும்மாம இருக்கச் சொல்லு."

சொன்னவர் சிரிக்கவில்லை. பதில்கள் யோசிக்காமலே வந்து விழுந்துகொண்டிருந்தன. கேட்டுக்கொண்டிருந்தால் நமக்கே இரண்டு அறை விடலாம் போலிருக்கும்.

"நீங்க ஒரு மணி நேரம் அதுல உட்காருவீங்களா சார்?"

"உட்காருவேனே! அப்புறம் இந்தச் சீட்டுல யார் உட்கார்றது, நீயா?"

நின்றவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

"இதப் பாரு," நாற்காலியில் இருந்தவர் குரலைத் தணித்தார். "உன் தம்பிக்கு ஏதாவது ஆகலாம், ஆகாமலும் போகலாம். சரக்கு போகலைன்னா ஆர்டர் நிச்சயமாப் போயிடும். அத்தனை பேர் சோத்துலயும் மண்ணு விழும். எது பெருசு? நீயே சொல்லு."

அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அதுதான் கொடுமை.

"கஸ்டமர்கிட்ட ஒரு நாள் டைம் கேளுங்க சார்."

"நீ போன் பண்ணிக் கேக்கறியா?"

"கேக்கறேன் சார். நம்பர் கொடுங்க, இப்பவே கேக்கறேன்!"

நாற்காலியில் இருந்தவர் முதல்முறையாகத் தடுமாறினார்.

"போய் வேலையைப் பாரு," என்றார் கடைசியில்.

"தம்பி பெண்டாட்டி மாசமா இருக்கா சார்."

"நல்லபடியா பிறக்கட்டும். போய் வேலையைப் பாரு."

இவ்வளவு சொன்னபிறகு யாராக இருந்தாலும் மனம் வெறுத்துத் திரும்பியிருப்பார்கள். இவர் போகவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க கால்ல விழறேன் சார். சத்தியமா சொல்றேன், இன்னிக்கு அவன் கை போயிடும்!"

"போய் வேலையைப் பாருன்னேன்."

நின்றவர் உடைந்து அழுதார்.

"ஒரே ஒரு தடவை, நிறுத்துன்னு சொல்லிடேன்பா!" என்று கெஞ்சினார் மேனேஜர்.

விபத்து நடந்த அன்றைக்குப் பேசியதை, நீ நானாகவும் நான் நீயாகவும் இடம் மாறி ஒரு தடவை பேசிப் பார்ப்போம் என்று கூப்பிட்டவரே அவர்தான். கையை இழந்தவனின் அண்ணன் நாற்காலியை விட்டு மெல்ல எழுந்தார்.

"நான் எப்படி சார் மாத்திச் சொல்றது? அன்னிக்கு நீங்க சொல்லலையே."