சதுரம், வட்டம், முக்கோணம்

“அதை நெருப்புல போட்டுடாதீங்க மூப்பரே. பதினாலு நாளா உக்காந்து எழுதினது.”

என் குரல் எனக்கே கேட்கவில்லை. மூப்பர் எலிஹூ என் பாட்டு நோட்டைக் கணப்புக்கு மேலே, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோலத் தூக்கிப் பிடித்திருந்தார். ஆராதனை முடிந்தும் சபையில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வேடிக்கையை விடுவார்களா?

“சதுரம், வட்டம், முக்கோணம். ஏன் லவீனா, இது பாட்டா, தச்சன் போட்ட அளவா?”

சிரித்தார்கள்.

“நாளைக்கு எறும்பு ஊர்ற வரிசையைப் பாத்தும் பாடுவா,” என்றாள் டார்கஸ் அக்கா.

ஊர் ஊராகப் போகும் பாட்டு வாத்தியார் ஒருவர் இரண்டு வாரம் எங்கள் ஒஹாயோ காட்டில் தங்கி, தன் அச்சுப் புத்தகத்தை வைத்து அந்த வடிவங்களைச் சொல்லிக் கொடுத்தார். வடிவத்துக்கு ஒரு சுரம்: முக்கோணம் ஃபா, வட்டம் சோல், சதுரம் லா. நேற்றுதான் கிளம்பிப் போனார். சபையில் இருபது வருஷமாக மூப்பர் முறைதான். அவர் ஒரு வரி சொல்வார். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுப்போம். மழையில் நனைந்த ஆட்டுமந்தைகூட எங்களைவிடச் சேர்ந்து கத்தும்.

மூப்பர் நோட்டை என் மடியில் வீசினார்.

“உனக்குப் பிடிச்சதையே பாடு. ஒரு இடம் தப்பினாலும் நெருப்புதான். அப்புறம் இந்த ஊருக்குள்ள எந்த வாத்தியாரும் வரக்கூடாது.”

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். கட்டியவர் பெயர் போடாத மெட்டு. மூப்பர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விறகைக் கிளறினார். “ஃபா, சோல், லா” என்று ஆரம்பித்து மூன்றாவது வரி வரை வந்துவிட்டேன்.

“நிறுத்து.” அவர் திரும்பவே இல்லை. “அங்க சோல் இல்ல. ஃபா.”

“இல்ல மூப்பரே. புத்தகத்துல வட்டம்தான் இருந்துச்சு. அப்படியே பாத்து எழுதினேன்.”

“வட்டமாம்.” இடுக்கியைத் தரையில் எறிந்தார். “அச்சுக் கோக்கிற பயலுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு. பேரையும் போடல, சுரத்தையும் கெடுத்துட்டான். நான் முக்கோணம்தான் எழுதிக் கொடுத்தேன்.”

மூப்பர் என்னிடம் நடந்து வந்து, நோட்டுக்காகக் கையை நீட்டினார்.

எரிக்கவா, திருத்தவா?