யாராச்சும் எடுப்பாங்களா?

நகர நூலகத்துப் படியேறும்போதே அவளுக்குப் படபடப்பு.

"இன்னிக்காவது யாராச்சும் எடுப்பாங்களாங்க?"

"எடுக்காம என்ன? லாரி ஓட்டின பொம்பளையோட கதைன்னா சும்மாவா?" என்றார் கணவர்.

"போன வாரம் ஒருத்தர்கூடச் சீண்டலையே. இன்னிக்கும் அப்படின்னா இந்தப் பக்கமே வரமாட்டேன்."

அதற்குள் நூலகர் வாசலுக்கே ஓடிவந்தார்.

"அம்மா, வாங்க வாங்க! இங்கே புத்தகம் மாதிரியே மனுஷங்களையும் இரவல் தர்றோம்னு கேள்விப்பட்டு ஒரு பொண்ணு வந்திருக்கா. லாரி ஓட்ட ஆசையாம், வீட்டுல பயமுறுத்துறாங்களாம். அரைமணி நேரத்துக்கு உங்களைத்தான் கேட்கிறா."

அவள் உள்ளே பாய்ந்தாள்.

கணவர் நூலகரின் காதருகே குனிந்தார்.

"பத்திரமாத் திருப்பித் தரச் சொல்லுங்க சார். வீட்டுல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."