வலது ஓரத்தில் இரண்டு விரல்

மார்ச் 12, புதன். இன்றைய சிறு தவறு: போட்டியின் நான்காவது விதியைப் படிக்காமல் விட்டேன். படத்தை எந்தப் பக்கமும் வெட்டக் கூடாதாம். நான் வலது ஓரத்தில் இரண்டு விரல் அகலம் வெட்டியிருந்தேன்.

பரிசோதனைப் பதிவேடு எழுதக் கற்றுத்தரும் மாலை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தினம் ஒரு தவறை எழுதச் சொல்லியிருந்த நோட்டில் இவ்வளவையும் எழுதிவிட்டு அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

எழுதியதில் பொய் இல்லை. உண்மையும் முழுசாக இல்லை.

காகித ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. தினமும் காலை ஏழு பத்துக்குக் கழிவுநீர்க் குட்டைக்குப் போக வேண்டும். தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று கரையிலிருக்கும் மீட்டர் எண்ணில் காட்டும். அதைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முப்பதைத் தாண்டினால் ஆற்றில் திறந்துவிடக் கூடாது.

பிப்ரவரி 20 காலை, குட்டையின் சுவர்மேல் ஒரு கொக்கு நின்றது. பின்னால் சூரியன். செல்போனில் எடுத்து வைத்தாள். சுற்றுச்சூழல் போட்டிக்குப் படமும் கவிதையும் வேண்டும் என்று ஆலையில் அறிவித்தபோது அதையே அனுப்பினாள். பதினாறு முறை அடித்து அடித்து எழுதிய இரண்டு வரியும் கூடவே போயிற்று:

ஒற்றைக் காலில் நிற்கிறது கொக்கு,
எங்கள் தண்ணீரை நம்பி.

முதல் பரிசு.

இன்று மதியம் அலுவலக மேடம் கூப்பிட்டுச் சொன்னார். படத்தைக் கதவளவுக்குப் பெரிதாக்கி முன்கூடத்தில் மாட்டப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் உள்ளே நுழைந்ததும் பார்ப்பது அதைத்தானாம்.

“ஓரத்துல வெட்டியிருக்கியேம்மா. விதிப்படி முழுப் படம் வேணும். இருக்குல்ல?”

“இருக்கு மேடம்.”

வாய் முந்திக்கொண்டது. அழிந்துபோய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த நேரத்துக்கு அது வாயில் வரவில்லை. படமே வேண்டாம், போட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று பிறகு கேட்டும் பார்த்தாள். மேடம் சிரித்தார்.

“வெட்கம் உனக்கா, கொக்குக்கா? நாளைக்கு மதியத்துக்குள்ள அனுப்பிடு.”

வெட்டிய இரண்டு விரலில் மீட்டர் இருந்தது. சிவப்பில் 164. செல்போனில் பார்த்தால் வெறும் பொட்டு. கதவளவு ஆனால் உள்ளங்கை அகலம்.

அன்றைய பதிவேட்டில் 28. கீழே அவள் கையெழுத்து.

அன்று மட்டுமா? பதினோரு மாதமாக அவள் கை முப்பதைத் தாண்டியதே இல்லை. எந்த எண்ணைப் போட வேண்டும் என்று காதோடு சொல்லிவிட்டுப் போவது ஷிப்ட் சூப்பர்வைசர். அவளுக்கு இந்த வேலையை வாங்கித் தந்த சித்தப்பா. வேலைக்குப் போனால் அவர் ஷிப்ட், திரும்பிவந்தால் அவர் வீடு. பதிவேட்டில் மட்டும் அவர் கையெழுத்துக்கு இடமில்லை.

வெளியே பைக் ஹார்ன் கேட்டது. வகுப்பு முடிந்ததும் கூட்டிப்போக அவர்தான் வருவார். ஜன்னலோரம் வந்து, அவளுக்கான ஹெல்மெட்டைக் கம்பிகளுக்கிடையே நீட்டப் பார்த்தார். அது நுழையவில்லை.

“வாம்மா பரிசுக்காரி! கொக்கைப் புடிச்சது எங்க வீட்டுப் பொண்ணுன்னு ஆலை பூராவும் தண்டோரா போட்டுட்டேன். உங்க சித்தி வாசல்லயே நிக்கிறா.”

“ரெண்டு நிமிஷம் சித்தப்பா.”

முதல் நாள் வகுப்பில் ஆசிரியர் எழுதிப்போட்டது, கரும்பலகையின் மேல் ஓரத்தில் இன்னும் இருந்தது. பதிவேட்டில் தவறை அழிக்கக் கூடாது. வெள்ளை மை பூசக் கூடாது. ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான எண், கையெழுத்து, தேதி.

அவள் நோட்டை இழுத்துக்கொண்டாள். முதல் வரியில் ‘சிறு’ என்ற சொல்லின் மேல் ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் கையெழுத்து. தேதி.

மறுபடியும் ஹார்ன்.

பக்கத்தின் அடியில் எழுதினாள்:

நாளை, காலை 7.10. பதிவேட்டில் பிப்ரவரி 20-ஐத் திறக்க வேண்டும். 28-இன் மேல் ஒரு கோடு. பக்கத்தில் 164.