பத்துப் பேர், பத்துத் தாள்

"பத்துப் பேருக்கும் ராத்திரி மூணு மணிக்குத்தான் தூக்கம் கலையுதா? பேசி வச்சுக்கிட்ட மாதிரி இருக்கேம்மா!"

மனநல மருத்துவர் தாள்களை மேசையில் பரப்பினார். எதிரே நாற்காலி நுனியில் இறுதியாண்டு மருத்துவ மாணவி. முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

தொற்றுக்காலத்தில் கல்லூரி செய்த ஏற்பாடு இது. வீட்டில் அடைபட்டு, செல்போனில் பாடம் படிக்கும் முதலாண்டுப் பிள்ளைகளில் பத்துப் பேரை ஒவ்வொரு சீனியர் தலையிலும் கட்டிவிட்டார்கள். வாரம் ஒருமுறை போன் செய்து, தூக்கம், சாப்பாடு, மனசு எல்லாம் எப்படி என்று கேட்டு எழுதித் தர வேண்டும். பெயர் மட்டும் எழுதக் கூடாது. நாள் முழுக்க கொரோனா வார்டில் நின்றுவிட்டு வந்து இதையும் செய்ய வேண்டும். நல்ல ஏற்பாடுதான், போங்கள்!

"எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க, மேடம்."

"சரி, ஒன்பது தாளை விடு. இந்தப் பத்தாவது? 'காலையில கண்ணே முழிக்கக் கூடாதுன்னு தோணுது'ன்னு இருக்கே. இந்தப் பொண்ணை நான் இன்னைக்கே பார்த்தாகணும். யாரு?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்." குரல் உள்ளே போனது. "உங்ககிட்ட வந்தா ரெக்கார்டுல ஏறிடுமாம். அப்புறம் டாக்டராவே ஆக முடியாதுன்னு பயப்படறா, மேடம்."

"அடப் பாவமே! படிக்கறப்போ நானே ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டவதான். என்னை யாரு வீட்டுக்கு அனுப்பினாங்க? இங்கேயே உட்கார்ந்து உங்க உயிரையெல்லாம் வாங்கிட்டிருக்கேனே!"

மாணவிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

"அவ பாவம், மேடம். இறந்துபோனவங்க வீட்டுக்குப் போன் பண்ணித் தகவல் சொல்ற டியூட்டி அவளுக்கு. ஒரே நாள்ல பதினோரு வீடு. இப்போ போனைக் கையில எடுத்தாலே கீழே வச்சுடறா. ஒரு நம்பர்கூட அழுத்த முடியலை."

மருத்துவர் தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தார். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"காலையில ஆபீஸ்ல உன் லிஸ்ட்டை வாங்கி, அந்தப் பத்துப் பிள்ளைங்ககிட்டயும் நானே பேசிட்டேம்மா. எல்லாம் நல்லாத் தூங்குதுங்க, பாடம் நடக்கறப்போகூட. அக்கா ஒரு தடவைகூட போன் பண்ணலைன்னு சொல்லுதுங்க. இப்போ சொல்லு, நீ தூங்கி எத்தனை நாளாச்சு?"