ஜாடியில் குறைந்த கொழுப்பு

“பாரு, இன்னிக்கும் குறைஞ்சிருக்கு! யாரோ எடுத்துக் கொட்டுறாங்க.”

தபால்காரர் ஜாடியைத் தூக்கி மனைவியின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவரை அடுப்படியை விட்டுக் கிளப்ப முடியாது. மாட்டுக் கொழுப்பை வாங்கி வந்து, பொடியாக நறுக்கி, சின்னத் தீயில் உருக்கி, வடிகட்டி ஜாடியில் ஊற்றி வைப்பார். ஆறினால் வெள்ளை வெளேரென்று உறைந்துவிடும். அதில் உருளைக்கிழங்கு வறுத்தால், அடடா, மொறுமொறுப்பு அடுத்த வீடு வரைக்கும் கேட்கும்!

“யாரோன்னு எதுக்கு இழுக்கறீங்க? எங்கப்பான்னு நேரா சொல்லுங்களேன்.”

“பின்னே? அடுப்பைப் பத்த வெச்சாலே மூக்கைப் பொத்திக்கிட்டு வாசலுக்கு ஓடுறது யாரு?”

வீட்டோட மாப்பிள்ளை எங்கேயும் உண்டு. இவருக்கு வாய்த்தது வீட்டோட மாமனார்.

கூடத்திலிருந்து அவர் குரல் வந்தது. “அந்த நாத்தத்துப் பக்கமே நான் போறதில்ல மாப்ள!”

“அப்ப ஜாடியில இருந்தது கால் முளைச்சுப் போயிடுச்சா மாமா?”

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. “தினம் தினம் இந்தச் சண்டை வேண்டாங்க. அப்பாவை அக்கா வீட்டுக்கே அனுப்பிடறேன்.”

“இரு, கையும் களவுமா பிடிச்சுட்டுப் பேசறேன்.”

அந்தப் புதன்கிழமை பேய் மழை. தபால் ஆபீஸில் ஆளாளுக்குச் சாக்ஸைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தார்கள். இவர் காலில் மட்டும் பொட்டு ஈரம் இல்லை.

“பழைய தோல் ஷூதாம்பா. கடைக்காரன் நல்லவன், ஏமாத்தல!” என்று பெருமை அடித்துக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலை, பின்வாசலில் கரண்டி ஜாடியில் உரசும் சத்தம் கேட்டது.

‘மாட்டினார்டா மனுஷன்!’

பூனை மாதிரி நடந்துபோய்க் கதவைப் படாரென்று திறந்தார்.

மாமனார் மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜாடி. மடியில் தபால்காரரின் ஷூ. பழந்துணியில் கொழுப்பைத் தொட்டு, ஒரு தையல் விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா! என் ஷூவைப் போயி நீங்க...”

“இப்படிப் பதறுவீங்கன்னுதான் சொல்லல. உள்ள போங்க மாப்ள, நாத்தம் குடலைப் புடுங்குது. அதுக்காக, மழையில உங்க காலை நனைய விட முடியுமா?”