பத்தாவது ஆள்

கல்லூரி ஆபீசில் கோடை வகுப்புக்குப் பெயர் கொடுக்கும் ஜன்னலில் எட்டாவதாக வந்து நின்றவன் ரெனிஷ். அவனைக் கண்டதும் சிவபிரசாத்துக்குச் சிரிப்பாக வந்தது.

எதிரே வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் காலையிலிருந்தே அவர் டீயும் கையுமாக உட்கார்ந்திருந்தார். கணக்கில் தோற்ற பிள்ளைகளுக்கு மே, ஜூன் இரண்டு மாதமும் வகுப்பு எடுக்கப்போகிறவர் அவர்தான்.

ரெனிஷ் மூன்று வருடமாகக் கீரிப்பாறை எஸ்டேட் பஸ் மாதிரி வகுப்புக்கு வந்து போனவன். வந்தால் வந்தான், வராவிட்டால் யாரும் கேட்கக் கூடாது. முடிக்குச் செம்பட்டை நிறம் ஏற்றியிருந்தான். தலைக்கு வெளியே எடுத்த சிரமத்தில் கால்வாசி உள்ளே எடுத்திருந்தால் பயல் இங்கே வந்து நிற்க வேண்டாம்.

ஒன்பதாவது லிஜோ. அவன் தனியாக வரவில்லை. அம்மா ராகேல் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள். ரிசல்ட் வருவதற்கு முன்பே பிள்ளை பாஸ் என்று சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டவள். போதகர் பெயர் சொல்லி வாசித்தும் ஆயிற்று. போட்டதைக் கடவுளிடம் போய்த் திருப்பிக் கேட்கவா முடியும்?

கேள்வித்தாள்தான் கோளாறு என்று அவள் ஜன்னலுக்குள் இருந்த கிளார்க் பொன்னுலிங்கத்திடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்.

அந்தக் கேள்வித்தாளைத் தயாரித்தவரும் சிவபிரசாத்தான், விடைத்தாளைத் திருத்தியவரும் அவர்தான். ஏப்ரல் முழுக்க அந்தக் கட்டைப் புரட்டியதில் தலைவலிதான் மிச்சம். லிஜோ விடை தெரியாத இடத்திலெல்லாம் ஜெபம் எழுதி வைத்திருந்தான். ஜெபத்துக்கு மார்க் போடப் பல்கலைக்கழக விதியில் இடமில்லை.

இதுகளெல்லாம் படித்துப் பட்டம் வாங்கி யாரைக் கெடுக்கப் போகிறதுகளோ என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் ஒவ்வொரு தலையும் ஜன்னலை நெருங்கும்போது மனசு தானாக எண்ணிக்கொண்டது.

பத்துப் பேர் சேர்ந்தால்தான் கோடை வகுப்பு. ஒன்று குறைந்தாலும் கிடையாது. வகுப்பு இல்லையென்றால் அவருக்கு இரண்டு மாதச் சம்பளமும் கிடையாது. பதவியின் பெயர் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் அந்தப் பெயரோடு சரி.

போன வருடம் ஒன்பதோடு நின்றுவிட்டது. கருங்கலில் மச்சினனுடைய இரும்புக் கடையில் போய் ஆணி நிறுத்துக் கொடுத்தார். சாமான் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் மச்சினன் அவரைக் கைகாட்டி, "இது நம்ம புரொபசராக்கும், ஆணி தருவாரு," என்பான். ஆட்கள் சிரிப்பார்கள். கூடச் சேர்ந்து சிவபிரசாத்தும் சிரிக்க வேண்டியிருந்தது. செத்தாலும் இனி அந்தப் படி ஏறுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தார்.

பத்தாவதாக நந்தனா வந்தாள்.

இராஜாக்கமங்கலத்துப் பிள்ளை. இரண்டு பஸ் மாறி வந்தாலும் மணி அடிக்கும் முன்னே முன் பெஞ்சில் இருப்பவள்.

இவளைப் பற்றியும் இளக்காரமாக ஏதாவது நினைக்கப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. டீ ஆறிப் போயிருந்தது.

பெயர் கொடுத்துவிட்டு அவள் நேராக அவரிடம்தான் வந்தாள்.

"பேப்பர் நல்லாத்தான் எழுதினேன் சார். எங்க பிழச்சேன்னு மனசிலாவல்ல."

கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்ததாம். எல்லாப் பாடமும் தேறி ஜூன் ஒன்றாம் தேதி வந்து சேரச் சொல்லியிருந்தார்களாம். ஒரு பாடம் போய்விட்டது என்று சொன்னதும் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் அழாமல்தான் சொன்னாள். சிவபிரசாத்துக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசிக்கவும் பயமாக இருந்தது.

ஆறிய டீயைக் கீழே ஊற்றினார்.

"மறு திருத்தலுக்கு எழுதிக் குடுத்தியா மக்கா?"

"எதுக்கு சார்? சார் திருத்தினதில்லா. சார்தான் கிளாசும் எடுக்கியன்னு சொன்னாவ. அதுதான் ஒரு சமாதானம்."

வருகிறேன் என்று தலையசைத்துவிட்டு அவள் பஸ் ஸ்டாப் பக்கமாக நடந்தாள்.

பொன்னுலிங்கம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பத்து பேர் தெகஞ்சாச்சு சாரே என்றார். சிவபிரசாத் கையை உயர்த்திக் காட்டினார். சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். கண் பஸ் ஸ்டாப் பக்கமே போனது.

ஏப்ரலில் விடைத்தாள் கட்டைத் திருத்தி முடித்தபோது தோற்றிருந்தவர்கள் ஒன்பது பேர்தான்.

தேறியவர்களின் தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒருவனுடைய அப்பா வக்கீல். ஒருத்தி அரை மார்க்குக்கும் சண்டைக்கு வருகிறவள். இன்னொருவன் ரிசல்ட் வந்த அன்றே மறு திருத்தலுக்கு ஓடுவான்.

நந்தனா கேட்க மாட்டாள். சார் திருத்தினால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற பிள்ளை. அதனால்தான் அவளுடைய தாளை எடுத்தார்.