கடலரசியில் ஆறு பங்கு

ஐந்திலொன்றைவிட ஆறிலொன்றுதான் பெரிது என்று மூன்று கிழமையாக ஐந்தாம் வகுப்பு முழுவதும் அடம் பிடித்தது. ஐந்தைவிட ஆறு பெரிது அல்லவா?

வட்டம் வரைந்து காட்டினேன். கடதாசியை மடித்துக் காட்டினேன். தோடம்பழத்தை வெட்டிக் காட்டினேன். தோடம்பழத்தைத் தின்று முடித்ததுதான் மிச்சம்.

பகுதித் தலைவருக்குப் பொறுமை போய்விட்டது. இந்த வகுப்புக்குப் பின்னம் சரிவராது, அதை விட்டுவிட்டு வேறு கணக்குகளைப் பழக்குங்கள் என்றார். கெஞ்சிக் கூத்தாடி இன்று ஒரு நாளை மட்டும் வாங்கியிருந்தேன்.

காலையில் குருநகர் இறங்குதுறையைக் கடக்கும்போது கடலரசி என்று ஒரு படகின் பெயர் கண்ணில் பட்டது. வகுப்புக்குள் நுழைந்ததும் கரும்பலகையில் எழுதினேன்.

கடலரசியில் மூன்று பேர் தொழிலுக்குப் போகிறார்கள். பிடித்த மீனைச் சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்கு எவ்வளவு?

வகுப்பே எழுந்து நின்றது. கை தூக்கிப் பழக்கமில்லாத கடைசி வரிசை வாங்குக்காரர்கள் மேசையில் ஏறாத குறை.

மூன்றிலொன்று இல்லையாம். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு எடுக்க வேண்டுமாம். பண்டத்தரிப்பில் வெங்காயத் தோட்டத்துக்குள் வளர்ந்த எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? சந்தோஷம் தாங்கவில்லை. மூன்றும் இரண்டும் ஐந்து, ஆகவே ஐந்திலொன்று என்று பெரிதாக எழுதினேன்.

"இல்லை ரீச்சர், கடலரசியிலை ஆறு பங்கு."

முன்வாங்கில் இருந்த டிலக்சிகாதான் முதலில் சொன்னாள். பிறகு எல்லாரும் சொன்னார்கள். விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். ஒருவரும் அசைந்து கொடுக்கவில்லை.

பகுதித் தலைவர் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்தேன். கூட்டலே வராத பிள்ளைகளுக்குப் பின்னமா என்று கேட்கப் போகிறார்.

சரி, ஆறென்றே வைப்போம். ஐந்தாகப் பிரித்தால் ஒருவருக்குக் கூடுதலாக வருமா, ஆறாகப் பிரித்தாலா?

"அஞ்சாப் பிரிச்சால்தான் கூட. ஆறாப் பிரிச்சால் எல்லாருக்கும் குறையும்."

வகுப்பு ஒரே குரலில் சொன்னது. யோசிக்கக்கூட இல்லை. எனக்கு அந்த இடத்திலேயே துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. வாசலைப் பார்த்தேன். பகுதித் தலைவர் சிரித்துக்கொண்டு தலையாட்டினார்.

சந்தோஷம் கூடினால் என் வாய் சும்மா இருக்காது. குறையும் என்று தெரிந்துகொண்டே ஆறாகப் பிரிக்கிறார்களே, உங்கள் கடலரசிக்காரருக்குக் கணக்குத் தெரியாதா என்று பகிடி விட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் டிலக்சிகாவைப் பார்த்தார்கள்.

அவள் எழுந்து நேராக நின்றாள்.

"அந்த ஆறாவது பங்கு எங்கடை வீட்டுக்கு, ரீச்சர். போன மாரியிலை அப்பா கடலாலை வரேல்லை. ஆனா அப்பான்ரை பங்கு ஒவ்வொரு நாளும் வரும்."

நான் ஐந்தை அழித்தேன். ஆறிலொன்று என்று எழுதி, பக்கத்தில் சரி போட்டேன்.